சபர் மனுவில் பொய்



நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பலேறிப் பினாங்கு போன காலந்தொட்டு, கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை மக்களுக்குச் சபர் புதிதல்ல. ஹலாலான ரிஸ்கைத் தேடிப் போவது நன்மையே. ஆனால் அதன் முதற்படியான பாஸ்போர்ட் மனுவில் வயதைக் கூட்டியும், அண்ணன் மகனைத் தன் மகனென்றும் எழுதலாமா? பிள்ளைகளைப் பெற்ற தந்தையரின் பெயராலேயே அழைக்கும்படி அருள்மறை (33:5) கட்டளையிடுகின்றது. பொய்யாய் எழுதிய தந்தை பெயர், நாளை வாரிசுப் பங்கில் வழக்காக வந்து நிற்கும்.

"பொய் சொல்லவில்லை, சொல்லாமல் விட்டோம்" என்பர் சிலர். தானியம் விற்றவரின் குவியலுக்குள் கைவிட்ட நாயகம் (ஸல்) அவர்கள், அடியில் ஈரம் கண்டு கண்டித்தார்கள். ஈரத்தை மறைத்ததே மோசடியாயிற்று. நெல் விளைவிக்கும் நமக்கு இது விளங்காதா?

1967ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டம் 12ஆம் பிரிவும், தெரிந்தே பொய்த் தகவல் தருவதையும் முக்கிய விவரத்தை மறைப்பதையும் ஒன்றாகவே பார்க்கிறது. 2 ஆண்டு வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பாஸ்போர்ட்டும் பறிமுதலாகலாம்.

ஏஜெண்டு எழுதினார் என்றால், கையொப்பம் யாருடையது? முன்பே தவறியவர் தவ்பாச் செய்து, விவரமறிந்த வக்கீலைக் கலந்து திருத்திக்கொள்ளட்டும்.

வல்ல அல்லாஹ் நம் ரிஸ்கைத் தூய்மையாக்குவானாக! ஆமீன்.