கரையில் நின்றவர்

தண்ணீரில் மூழ்குகிறவன் கூச்சலிடுவான், கையை வீசுவான் என்றுதான் நாம் நினைத்துக் கொண்டிருக்கிறோம். கதைகளிலும் அப்படித்தான் எழுதுகிறோம், நானே எழுதியிருக்கிறேன். அது பொய் என்பதைச் சில ஆண்டுகளுக்கு முன், திருத்தணியில் ஓர் ஆடிக் கிருத்திகையன்று தெரிந்துகொண்டேன்.

1960 ஏப்ரல் முதல் தேதி ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்த ஊர் அது. இன்றும் புஷ்பக் காவடிகளுக்கு நடுவே தமிழும் தெலுங்கும் சரிபாதியாகக் கேட்கும். மலையடிவாரத்துச் சரவணப் பொய்கையில் மாலை தெப்பம். தெப்பம் நகர்ந்ததும் படிக்கட்டு முழுவதும் ஒரே திசையில் திரும்பிற்று. கைகள் தலைக்கு மேல் குவிந்தன. தீயணைப்பு நிலையத்து ஊழியர் ஒருவர் மட்டும் சுவாமிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தோளில் காற்றடைத்த டியூபுடன், நீரோரத்தையே பார்த்தபடி கடைசிப் படியில் நின்றார்.

எனக்குச் சற்றுத் தள்ளி, கழுத்தளவு நீரில் எட்டு வயதுப் பையன் ஒருவன். தலை பின்னால் சாய்ந்திருந்தது. வாய் திறந்து மூடிற்று. தெப்பத்தைக் கண்டு வாய் பிளந்து நிற்கிறான் என்று எண்ணினேன். 'இந்த முகத்தை ஒரு கதையில் வைக்கலாம்' என்றுகூடத் தோன்றிற்று. அதற்குள் அந்த மனிதர் குதித்துவிட்டார்.

நியூயார்க்கின் ஆர்ச்சர்ட் கடற்கரையில் உயிர்காப்பாளராக இருந்த பிராங்க் பியா என்பவர் இதைப் படம் பிடித்து ஆராய்ந்திருக்கிறார். மூச்சுக்கே வழியில்லாதபோது குரல் எழும்பாது. கைகள் பக்கவாட்டில் நீரை அழுத்துவதிலேயே முனைந்துவிடும். இந்தப் போராட்டம் 20 முதல் 60 விநாடி, பிறகு அமைதி.

பையனின் தந்தை, "முருகன் காப்பாத்தினான்" என்று அவனைத் தோளில் போட்டுக்கொண்டு 365 படிகளையும் ஏறப் போய்விட்டார். எனக்குக் கோபம் வந்தது. "ஒரு வார்த்தை சொல்லாமல் போகிறாரே, தம்பி?" என்றேன்.

"முருகன்தான்னு வச்சுக்குங்களேன், சார். நான் பார்த்துக்கிட்டிருந்தேன், அவ்வளவுதான்."

"தெப்பத்தைப் பார்த்ததுண்டா?"

"பதினோரு வருஷமா இங்கே டூட்டி. இன்னும் பார்க்கலே." இதைச் சொல்லும்போதும் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, ஈரம் சொட்டச் சொட்ட நீரையே பார்த்தார்.

நன்றி கெட்ட தந்தை என்று நான் யாரைக் குறை சொல்வது? ஒரே பையனை இரண்டு ஜோடிக் கண்கள் கண்டன. எனக்கு நீந்தத் தெரியாது. ஆனால் ஒரு கூச்சல் போதுமே! அவர் பையனுக்காகப் பார்த்தார். நான் எனக்காகப் பார்த்தேன். கூர்ந்து நோக்குவதே என் தொழில் என்று இத்தனை நாள் பெருமைப்பட்டது அன்று வெட்கமாயிற்று. 2021-ல் உலகில் நீரில் மூழ்கி இறந்தவர்கள் சுமார் 3 லட்சம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவர்களில் எத்தனை பேரை என்னைப் போன்ற ஒருவன் ரசித்துக் கொண்டிருந்தானோ!

'அவரே உண்மையான பக்தர்' என்று எழுதி முடித்துவிடலாம். அப்படி எழுதினால், நானும் கணக்கைத் தீர்த்துக்கொண்டு படியேறியவனாவேன்.

மறுநாளும் தெப்பம் இருந்தது. அவர் பக்கத்தில் போய் நின்று, நீரோரத்தை மட்டுமே பார்ப்பது என்று தீர்மானித்தேன். மேளம் கேட்டது, தீபாராதனை வெளிச்சம் தண்ணீரில் விழுந்தது. என்னையறியாமல் என் கழுத்து மூன்று முறை திரும்பிவிட்டது. அவருடையது திரும்பவில்லை.