வாள் எடுத்தவரே ஆள வேண்டுமா?



சென்ற மாதம் ஒரு ஜும்ஆ நாளில் தொழுகை முடிந்து மக்கள் கலைந்த பிறகு, கல்லூரியில் படிக்கும் வாலிபர் ஒருவர் என் அருகில் வந்து உட்கார்ந்தார். "ஹஜ்ரத், உலகத்தில் யுத்தத்துக்கு உத்தரவு போடுகிற தலைவர்களில் எத்தனை பேர் யுத்த களத்தைக் கண்ணால் பார்த்திருக்கிறார்கள்? அவர்கள் பிள்ளைகள் போகிறார்களா? சாகிறவன் எல்லாம் ஏழை வீட்டுப் பிள்ளை. படையில் சேவை செய்யாதவன் நாட்டுக்குத் தலைவனாக வரக்கூடாது என்று சட்டம் போட்டுவிட்டால் என்ன? மார்க்கம் இதைப் பற்றி என்ன சொல்கிறது?" என்று கேட்டார்.

அவர் மனவேதனையில் நியாயம் இருக்கிறது. அவர் கேட்கிற சட்டத்தில் நியாயம் இருக்கிறதா என்பதுதான் விஷயம்.

திருமறையில் ஸூரத்துல் பகராவில் தாலூத் அவர்களின் சரித்திரம் வருகிறது. பனூ இஸ்ராயீல்கள் தங்கள் நபியிடம் போய், எங்களுக்கு ஓர் அரசரை ஏற்படுத்துங்கள், அவர் தலைமையில் யுத்தம் செய்கிறோம் என்று கேட்டார்கள். கவனியுங்கள்! அவர்கள் கேட்டதே யுத்தம் செய்வதற்கான அரசரை. அல்லாஹ் தாலூத்தைத் தேர்ந்தெடுத்தான். அவர் தண்ணீர் சுமந்தவர் என்றும், தோல் பதனிட்டவர் என்றும் முபஸ்ஸிரீன்கள் எழுதுகிறார்கள். பேர் பெற்ற தளபதி என்று யாரும் எழுதவில்லை. இவரிடம் பணம் இல்லையே என்று மக்கள் முகம் சுளித்தபோது, அறிவிலும் உடலிலும் அல்லாஹ் இவருக்கு விசாலத்தைக் கொடுத்திருக்கிறான் என்பதே அந்த நபி சொன்ன காரணம். இதில் அறிவு முதலில் வருகிறது, உடல் வலிமை அதற்குப் பின்னால் வருகிறது.

"அதே சரித்திரத்தில் ஜாலூத்தைக் கொன்ற தாவூத் (அலை) அவர்களுக்கு ஆட்சி கிடைத்ததே?" என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அவர்களுக்கு ஆட்சியோடு ஹிக்மத்தையும் சேர்த்துக் கொடுத்ததாகத்தான் அல்லாஹ் சொல்லுகிறான். கவண்கல் எறிந்த கை மட்டும் போதுமென்று அவன் விட்டுவிடவில்லை.

ஹிஜ்ரி 450இல் வபாத்தான இமாம் மாவர்தீ (ரஹ்) அவர்கள் ஆட்சிமுறையைப் பற்றிய தம் கிதாபில், தலைமைக்குரிய ஷர்த்துகளாக ஏழை எழுதியிருக்கிறார்கள். நீதி, இல்மு, யோசனைத் திறன் முதலியவற்றோடு வீரமும் துணிவும் அதில் இருக்கின்றன. நாட்டைக் காக்கவும் எதிரியை எதிர்க்கவும் தேவையான துணிவு என்று அதற்கு விளக்கமும் இருக்கிறது. ஆகவே, கோழை தலைவனாகலாம் என்று யாரும் நம் பெயரில் சொல்ல வேண்டாம். அவர்கள் கேட்டது துணிவை. இத்தனை வருஷம் படையில் இருந்தான் என்ற கணக்கை அவர்கள் கேட்கவில்லை. இந்த இரண்டும் ஒன்றல்ல என்பதற்கு அபூதர் (ரலி) அவர்களைப் பாருங்கள். கஃபாவின் முன் நின்று கலிமாவை உரக்கச் சொல்லி, குறைஷிகளிடம் அடிபட்டு விழுந்து, மறுநாளும் போய்ச் சொன்ன துணிச்சல்காரர். அப்பேர்ப்பட்டவர் பதவி கேட்டபோது, நாயகம் (ஸல்) அவர்கள் அவருடைய தோளில் தட்டி, நீர் பலவீனர், அது ஓர் அமானிதம் என்ற கருத்தில் சொல்லி மறுத்துவிட்டார்கள். அடிவாங்கத் துணிந்தவர் எல்லாம் ஆட்சிப் பொறுப்பைச் சுமக்க வல்லவர் என்று பொருளாகாது.

இனி, அந்த வாலிபரின் கேள்விக்கு நேராகப் பொருந்துகிற ஒரு சம்பவம். ஸஹீஹுல் புகாரியில் இருக்கிறது.

மிஸ்ரு தேசத்திலிருந்து ஹஜ்ஜுக்கு வந்த ஒரு மனிதர், குறைஷிகளின் கூட்டத்தில் அமர்ந்திருந்த அப்துல்லாஹிப்னு உமர் (ரலி) அவர்களைக் கண்டார். நெருங்கி வந்து மூன்று கேள்விகள் கேட்டார். உஸ்மான் உஹதுக் களத்திலிருந்து விலகி ஓடியது உங்களுக்குத் தெரியுமா? தெரியும் என்றார்கள். பத்ரு யுத்தத்துக்கு அவர் வரவே இல்லையே? ஆம் என்றார்கள். பைஅத்துர் ரிள்வானிலும் அவர் இல்லையே? ஆம் என்றார்கள். வந்தவருக்கு ஒரே குதூகலம்! தக்பீர் முழங்கிவிட்டார். கலீபாவாக இருந்தவரின் படைக் கணக்கைத் திறந்து காட்டி மூன்றிலும் தோல்வி என்று நிரூபித்துவிட்ட மகிழ்ச்சி அது.

இப்னு உமர் (ரலி) அவர்கள் கோபப்படவில்லை. வா, விளக்குகிறேன் என்று அருகில் அழைத்தார்கள். உஹதில் நடந்ததை அல்லாஹ்வே மன்னித்துவிட்டதாகக் குர்ஆன் சொல்கிறது. பத்ரு சமயத்தில் உஸ்மான் (ரலி) அவர்களின் மனைவியும் நாயகத்தின் அருமை மகளுமான ருகையா (ரலி) அவர்கள் நோயுற்றுப் படுக்கையில் இருந்தார்கள். களத்துக்கு வந்தவரின் நற்கூலியும் பங்கும் உமக்கு உண்டு என்று சொல்லி, அவரை மதீனாவிலேயே இருக்கச் செய்தவர்கள் நாயகம் (ஸல்) அவர்களே. ரிள்வான் பைஅத்து நடந்த வேளையில் அவர் மக்காவில், எதிரிகளின் நடுவில், நாயகத்தின் தூதராகத் தனியாக நின்றுகொண்டிருந்தார். நாயகம் (ஸல்) அவர்கள் தமது ஒரு கையை மறு கையில் வைத்து, இது உஸ்மானின் கை என்று சொல்லி அவருக்காகத் தாமே பைஅத்துச் செய்தார்கள். இவ்வளவும் சொல்லிவிட்டு, இப்போது இதையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போ என்று இப்னு உமர் அனுப்பி வைத்தார்கள்.

ஸுப்ஹானல்லாஹ்! பட்டாளத்துப் பதிவேட்டை மட்டும் புரட்டினால் மூன்று இடத்திலும் 'ஆஜர் இல்லை' என்றுதான் இருக்கும். நோயாளி மனைவியின் தலைமாட்டில் இருந்ததும், ஆயுதமில்லாமல் பகைவர் ஊருக்குள் போனதும் எந்தப் பதிவேட்டில் ஏறும்? ஹிஜ்ரி 9இல் தபூக் படை புறப்பட்டபோது, ஆயிரம் தீனார்களை நாயகத்தின் மடியில் கொட்டியவரும் இதே உஸ்மான்தான்.

வாலிபர் கேட்ட சட்டம் வெறும் கற்பனையுமல்ல. துருக்கியில் ஏறக்குறைய அப்படியே இருந்தது. அந்நாட்டின் 1982ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தின் 76ஆவது பிரிவு, தன்மீது கடமையான படைச் சேவையைச் செய்யாதவர் பாராளுமன்ற உறுப்பினராக முடியாது என்றது. ஜனாதிபதிக்கும் உறுப்பினருக்குரிய தகுதி வேண்டும். 2017இல் வாசகத்தைத் திருத்தி, படைக் கடமை பாக்கியிருப்பவர் நிற்க முடியாது என்ற அளவில் வைத்தார்கள். அந்தச் சட்டத்தை எழுத வைத்தவர்கள் யார் என்று பாருங்கள்! 1980இல் ஆட்சியைப் பிடித்த தளபதிகள்! அதற்கு முன் 1960இலும் 1971இலும் அங்கே படை ஆட்சியில் கை வைத்தது. சீருடை அணிந்தவர் யுத்தத்தின் வேதனை அறிந்து அடக்கமாக ஆளுவார் என்ற எண்ணத்துக்கு அந்த நாட்டுச் சரித்திரம் துணை நிற்கவில்லை. பெண்களுக்கு அங்கே படைக் கடமை இல்லை. ஆகவே 1993 முதல் 1996 வரை பிரதமராக இருந்த தான்சு சில்லர் அம்மையாருக்கு அந்தப் பிரிவு பொருந்தவே இல்லை. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி தொகை கட்ட முடிந்தவர் ஒரு மாதப் பயிற்சியோடு கடமையை முடித்துக்கொள்ளலாம், மற்றவருக்கு ஆறு மாதம். ஏழை வீட்டுப் பிள்ளைக்காகக் கேட்கிற சட்டம் எங்கே போய் நிற்கிறது, பார்த்தீர்களா?

மற்ற உதாரணங்களை நீட்ட விரும்பவில்லை. முதல் உலக யுத்தத்தில் நான்கு வருஷம் படையில் இருந்து பதக்கம் பெற்றவன் ஹிட்லர். அவனை எதிர்த்து அமெரிக்காவை நடத்திய ரூஸ்வெல்ட் சீருடை அணிந்ததே இல்லை. 1921இல் வந்த நோயால் கால்கள் விளங்காமல் போனவர். 1971 டிசம்பர் 16இல் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தபோது, அந்நாட்டை ஆண்டவர் தளபதி யஹ்யா கான். போதும்.

"அப்படியானால் யார் வேண்டுமானாலும் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு பிறர் பிள்ளைகளை அனுப்பலாமா?" என்றால், கூடாது. இங்கேதான் அந்த வாலிபர் பக்கம் நான் நிற்கிறேன். தலைவனிடம் நாம் கேட்க வேண்டியது, அவன் அனுப்புகிற கஷ்டத்தில் அவனுக்கும் பங்கு உண்டா என்பதை. அகழ் யுத்தத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் தாமே மண் சுமந்தார்கள். தோழர்கள் பசியால் வாடியபோது அவர்களுடைய திருவயிற்றிலும் கல் கட்டப்பட்டிருந்தது.

உமர் (ரலி) அவர்கள் இராக் களத்துக்குத் தாமே போவதாக மதீனாவுக்கு வெளியே கிளம்பியும் விட்டார்கள். கலீபா களத்தில் விழுந்தால் சமுதாயம் சிதறும், வேறொருவரை அனுப்புங்கள் என்று அப்துர்ரஹ்மான் பின் அவ்பு (ரலி) முதலியோர் ஆலோசனை சொன்ன பிறகே ஸஅது (ரலி) அவர்களை அனுப்பினார்கள். திரும்பி வந்து சும்மா இருக்கவில்லை. காதிஸிய்யா யுத்தத்தின் சேதிக்காக தினமும் ஊருக்கு வெளியே போய்க் காத்து நின்றார்கள். யுத்தம் ஒரு வீட்டில் என்ன செய்யும் என்பது அவர்களுக்குத் தெரியும். தம் சகோதரர் ஜைது (ரலி) அவர்களை யமாமா யுத்தத்தில் இழந்தவர்கள். கீழ்க்காற்று வீசும்போதெல்லாம் ஜைதின் வாசம் வருகிறது என்று சொல்லிக் கலங்குவார்களாம்.

தாய்மார்களே, இதையும் கேளுங்கள். ஓர் இரவில் அவர்கள் நகர் சுற்றி வரும்போது, ஒரு வீட்டுக்குள்ளிருந்து பெண்ணின் முறையிடும் குரல் கேட்டது. கணவன் படையில் போய் நெடுநாளாகித் திரும்பவில்லை. அமீருல் முஃமினீன் நேராகத் தம் மகள் ஹப்ஸா (ரலி) அவர்களிடம் போனார்கள். ஒரு பெண் கணவனைப் பிரிந்து எவ்வளவு காலம் பொறுத்திருப்பாள் என்று கேட்டார்கள். மகள் வெட்கித் தலை குனிந்தார்கள். சத்தியத்தைச் சொல்ல அல்லாஹ் வெட்கப்படுவதில்லை என்று தந்தை சொன்ன பிறகு, கைவிரல்களால் குறிப்புக் காட்டினார்கள். நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் ரிவாயத்துகள் வேறுபடுகின்றன. அந்தத் தவணைக்கு மேல் எந்தப் படைவீரனையும் வீட்டைப் பிரித்து நிறுத்தி வைக்கக்கூடாது என்று எல்லாத் தளபதிகளுக்கும் கடிதம் போயிற்று.