படுத்திருக்கும் அம்மா

காய்ச்சல் என்றால் படுக்கலாம். நம் வீடுகளில் அதற்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை. நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள், மிளகு ரசம் வரும், குழந்தையை யாராவது இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே போவார்கள். கை சுட்டால் போதும். சுடாத களைப்புக்கு அந்தச் சலுகை கிடையாது.

முடக்குவாதத்தில் விரல் கணுக்கள் வீங்கியிருக்கும்போது காட்டுவதற்கு ஏதோ இருக்கிறது. மருந்து வேலை செய்து, வீக்கம் வடிந்து, ரத்தப் பரிசோதனையில் ஈ.எஸ்.ஆர். இறங்கி, "நல்லா இருக்கீங்கம்மா" என்று டாக்டர் சொன்ன பிறகும் களைப்பு மட்டும் போகாமல் நிற்கும். அப்போது படுப்பவளை என்னவென்று சொல்வது என்று வீட்டுக்குத் தெரியவில்லை. யாரும் வாய்விட்டு ஒன்றும் சொல்வதில்லை. அடுக்களையில் பாத்திரம் வைக்கும் சத்தம் மட்டும் கொஞ்சம் கூடும்.

*

ஃப்ளூ வந்தால் நம்மைக் கட்டிலில் தள்ளுவதில் கிருமியைவிட நம் உடம்புக்குத்தான் பங்கு அதிகம். கிருமியோடு மோதுவதற்காக உடம்பு சுரக்கும் டி.என்.எஃப்., இன்டர்லூகின்-6 போன்ற புரதங்கள் மூளைக்கும் செய்தி அனுப்புகின்றன: படு. முடக்குவாதத்தில் சண்டை உண்டு, கிருமி இல்லை. நோய் எதிர்ப்பு மண்டலம் மூட்டின் உள்சவ்வையே எதிரியென்று எண்ணித் தாக்குகிறது. அதே புரதங்கள், அதே உத்தரவு, மாதக்கணக்கில், வருஷக்கணக்கில்.

இன்டர்லூகின்-6 பின்னிரவில் ஏறி விடியும் வேளையில் உச்சத்தில் இருக்கும். காலையில் விரல் மடங்காமல் மரக்கட்டையாகக் கிடப்பது அதனால்தான். பாப்பாவின் எல்.கே.ஜி. வேன் எட்டேகாலுக்கு வருகிறது. இந்த இரண்டு அட்டவணைகளுக்கும் நடுவில் ஒரு குக்கர் மூடி, ஒரு பால் பாக்கெட், சீருடைச் சட்டையின் ஆறு பொத்தான்கள்.

அழற்சி நீடித்தால் உடம்பு தன் இரும்புச் சத்தைக் கிடங்கில் போட்டுப் பூட்டிக்கொள்ளும். ரத்தசோகை வரும், இரும்பு உள்ளதைத் தின்றாலும் ஹீமோகுளோபின் சுலபத்தில் ஏறாது. இதை அத்தையிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். முருங்கைக்கீரை தொடர்ந்து வருகிறது. நல்ல கீரைதான்.

*

பொத்தான்களைப் பற்றி நிறையச் சொல்லலாம். சொல்லவில்லை. ஒட்டு ஷூ வாங்கினேன். பின்னல் போட முடியவில்லை என்று முடியை பாப் வெட்டிவிட்டேன். ஊரில் எல்லோரும் அழகாக இருக்கிறது என்றார்கள். கோயம்புத்தூர்க்காரி வீட்டுக் கிரைண்டர் கல்லைத் தூக்க முடியாமல் கடை மாவு வாங்குவதைத்தான் சிலர் இன்னும் மன்னிக்கவில்லை.

*

சனிக்கிழமை இரவு மெத்தோட்ரெக்ஸேட். வாரத்துக்கு ஒரு முறைதான், தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து என்பதால் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் கிழமையை எழுதி வைத்திருக்கிறேன். சனிக்கிழமையைத் தேர்ந்ததற்குக் காரணம், ஞாயிறு கணவருக்கு விடுமுறை. மருந்துக்கு மறுநாள் தலை கனக்கும், வாய் கசக்கும். ஞாயிற்றுக்கிழமை அம்மா என்பவள் பெரும்பாலும் ஒரு போர்வை.

திங்கட்கிழமை ஃபோலிக் அமிலம். மெத்தோட்ரெக்ஸேட் தடுப்பது ஃபோலிக் அமிலத்தின் வேலையைத்தான். அந்தத் தடையின் பக்கவிளைவைக் குறைக்க அதையே பிறகு கொடுக்கிறார்கள். இந்த இரண்டு மாத்திரைகளுக்குப் பின்னாலும் ஒரே மனிதர் நிற்கிறார் என்று தெரிந்தபோது அவர்மேல் எனக்கு ஒரு உறவு உண்டாயிற்று. எல்லாப்பிரகட சுப்பாராவ், 1895-இல் பீமவரத்தில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அங்கே கதர் உடுத்தியதால் ஆங்கிலேயப் பேராசிரியருக்கு ஆகாதவராகி, முழுப் பட்டம் கிடைக்காமல் எல்.எம்.எஸ்.ஸோடு வெளியே வந்தார். பிறகு அமெரிக்கா. லெடர்லி ஆய்வகத்தில் அவர் தலைமையில் இருந்த குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. அதன் எதிரிகளான அமினோப்டெரினும் மெத்தோட்ரெக்ஸேட்டும் அங்கிருந்தே வந்தன. அவை முதலில் போனது ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு. முடக்குவாதத்துக்கு அமெரிக்காவில் முறையான அனுமதி கிடைக்க 1988 ஆனது. சுப்பாராவ் 1948-லேயே போய்விட்டார்.

என்னைப் போன்றவர்கள் வாரம் ஒரு இரவு அவர் பெயர் தெரியாமல் அவரை விழுங்குகிறோம். எனக்குத் தெரியும் என்பதால் விழுங்குவதில் ஒரு சின்ன மரியாதை சேர்ந்திருக்கிறது. கசப்பு குறையவில்லை.

*

டாக்டர்கள் நெடுநாள் எண்ண முடிந்ததை எண்ணினார்கள். நோய் எவ்வளவு வீரியமாக இருக்கிறது என்று பார்க்க 28 மூட்டுகளை அழுத்திப் பார்க்கும் ஒரு கணக்கு உண்டு: தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல் கணுக்கள், முழங்கால். அதில் பாதம் இல்லை. களைப்பும் இல்லை. வாதநோய் ஆராய்ச்சியில் எதை அளக்க வேண்டும் என்று முடிவு செய்யும் ஓமெராக்ட் என்ற குழு நோயாளிகளையும் கூட்டத்துக்கு அழைக்கத் தொடங்கிய பிறகுதான், எங்களை வாட்டுவது வலி மட்டும் இல்லை, களைப்பும்தான் என்று அவர்கள் எடுத்துச் சொன்னார்கள். 2006-இல் மால்டாவில் கூடியபோது, முடக்குவாத ஆய்வுகளில் களைப்பையும் அளக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டார்கள். அதுவரை அது நோயாளியின் மனசு சம்பந்தப்பட்டதாக இருந்தது.

என் கூடவே ஆஸ்பத்திரிக்கு வரும் பாப்பா இந்தப் பரிசோதனையைப் பலமுறை பார்த்திருக்கிறாள். வீட்டில் அவள்தான் டாக்டர். கட்டிலில் கிடத்தி ஒவ்வொரு விரலாக அழுத்துவாள். "இங்க வலிக்குதா? இங்க?" இருபதுக்கு மேல் எண்ணத் தெரியாததால் இருபதோடு முடிவு சொல்லிவிடுவாள். ஆனால் கணக்கில் இல்லாத காதையும் மூக்கையும் பாதத்தையும் விடமாட்டாள். மருந்துச் சீட்டில் பெரும்பாலும் சாக்லேட்தான், அதுவும் டாக்டருக்கு.

*

நிற்க முடியாத அம்மாவிடம் விளையாட என்னென்ன இருக்கிறது என்பதைக் கண்டுபிடித்தவள் அவள். நான் குப்புறப் படுத்தால் முதுகு சாலை. உக்கடத்திலிருந்து காந்திபுரம் வரை பிளாஸ்டிக் பஸ் முதுகுத்தண்டின்மேல் ஏறி இறங்கும். இடது தோளில் வலி என்று ஒருமுறை சொன்னதை நினைவில் வைத்திருக்கிறாள். அதன்பின் அந்த பஸ் பாயிண்ட் டு பாயிண்ட் ஆகிவிட்டது. "தோள்ல நிக்காது, யாரும் எறங்காதீங்க" என்று கத்திக்கொண்டே தாண்டிப் போவாள். முதுகில் எழுத்து எழுதி என்னைக் கண்டுபிடிக்கச் சொல்வது இன்னொன்று. "ழ" என்றால் எனக்குக் கூச்சம் தாங்காது.

காலையில் எழுந்ததும் அவள் கேட்பது: "அம்மா, இன்னைக்கு நிக்கிற நாளா, படுக்குற நாளா?" இந்தப் பிரிவினை அவள் போட்டது. அதில் குறையோ பரிதாபமோ இல்லை. மழை நாளா, வெயில் நாளா என்பதைப் போலத்தான் கேட்கிறாள். படுக்குற நாள் என்றால் பொம்மைகளைக் கட்டிலுக்கு இடம் மாற்றுகிறாள்.

ஓடியாட முடியாத அம்மாவால் குழந்தைக்கு ஏதோ பறிபோகிறது என்ற பேச்சை நான் பாதிதான் நம்புகிறேன். பூங்காவில் ஊஞ்சலைத் தள்ளிவிட எனக்குக் கை இல்லை, அது நிஜமான நஷ்டம். ஆனால் அவசரமே இல்லாமல் அவள் கண்ணுக்கு நேரே, அவள் உயரத்துக்குக் கிடைக்கும் பெரியவள் இந்த வீட்டில் நான் ஒருத்திதான்.

*

முடக்குவாதம் பற்றிப் பேசினால் யாராவது ஓவியர் ரென்வாரைச் சொல்லாமல் விடுவதில்லை. உருக்குலைந்த விரல்களோடு சாகும்வரை வரைந்தார், பார், மனம் இருந்தால் போதும் என்பார்கள். தூரிகையைக் கையில் கட்டிக்கொண்டு வரைந்தார் என்பது மிகை. கட்டு உள்ளங்கைத் தோலைக் காப்பதற்கு, தூரிகையை விரல்களுக்கு இடையில் யாராவது செருகிக் கொடுக்க வேண்டும். இதைவிட எனக்கு முக்கியமான தகவல் வேறு: நோய் தொடங்கிப் பல வருஷம் கழித்து, 1901-இல், அறுபது வயதில் அவருக்கு மூன்றாவது மகன் பிறந்தான். செல்லப் பெயர் கோகோ. அந்தப் பையனை அவர் திரும்பத் திரும்ப வரைந்திருக்கிறார். 1909-இல் சிவப்பு கோமாளி உடையிலும்.

சரி, கோகோவைக் குளிப்பாட்டியது யார்? வீட்டில் மனைவி அலீன் இருந்தார், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வந்து படங்களுக்கும் மாடலாக நின்ற காப்ரியேல் இருந்தார். மனம் இருந்தால் போதும் என்று சொல்கிறவர்கள் இவர்களை எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை.

*

"வேலையெல்லாம் முடிச்சுட்டுப் படுக்கலாம்." நான் கேட்டு வளர்ந்த வாக்கியம் இது. என் அம்மாவும் சொன்னார், அத்தையும் சொல்கிறார். "எங்க காலத்துல பெத்த மறு வாரமே கெணத்துல தண்ணி சேந்தினோம் கண்ணு." பொய்யில்லை, சேந்தியிருப்பார். ஓய்வு என்பது வேலைக்குக் கிடைக்கும் கூலி என்றே நம் பெண்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள், கூலி வாங்கிய பெண் ஒருத்தியையும் நான் பார்த்ததில்லை, ஏனென்றால் வேலை முடிவதில்லை.

இந்த நோயில் அந்தக் கணக்கு உதவாது. களைத்த பிறகு படுத்தால் எழுந்திருக்க மறுநாள் ஆகும். களைப்பதற்கு முன்பே படுக்க வேண்டும். பாப்பா பன்னிரண்டரைக்கு வருவாள். பதினொன்றரைக்கு, நன்றாக இருக்கும்போதே, துவைக்காத துணிகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கதவைச் சாத்திப் படுக்கிறேன். உடம்புக்கு முடியாதபோது படுப்பதற்கு மன்னிப்பு கிடைத்தாலும் கிடைக்கும். முடியும்போது படுப்பதற்கு இந்த ஊரில் துணிச்சல் வேண்டும். முதலில் கண்ணை மூடிக்கொண்டு பாத்திரச் சத்தத்தை அளந்துகொண்டிருந்தேன். இப்போது சில நாள் தூங்கிவிடுகிறேன்.

இதற்கு நேரெதிரான ஒன்றும் உண்மை: நடை, மெதுவான உடற்பயிற்சி களைப்பைக் குறைக்கிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பயன் சிறியதுதான், ஆனால் இருக்கிறது. சாயங்காலம் தெரு முனை வரை போய் வருகிறேன். பாப்பா வழியில் இருக்கும் நாய்களையெல்லாம் விசாரிப்பதால் வேகம் எனக்குத் தோதாக அமைந்துவிடுகிறது.

*

"அம்முணிக்குத் துணைக்கு ஒண்ணு வேண்டாமா?"

அத்தையின் கேள்வி கெட்ட கேள்வி இல்லை. அமெரிக்காவில் மேயோ மருத்துவமனையின் ஃபிலிப் ஹென்ச் என்ற டாக்டர், கர்ப்பத்தில் முடக்குவாதம் தணிவதைக் கவனித்தார். அந்தத் தணிவுக்கு உடம்பில் ஏதோ ஒரு பொருள் காரணமாக இருக்க வேண்டும் என்று தேடியதுதான் 1948-இல் கார்ட்டிசோனில் கொண்டு விட்டது. 1950-இல் அவருக்கும் வேறு இருவருக்கும் நோபல். பலருக்கு அந்த மாதங்களில் உண்மையிலேயே நிம்மதி கிடைக்கிறது. எனக்கும் கிடைத்தது, வயிற்றில் பாப்பா இருந்தபோது நான் மாடிப்படி ஏறினேன். பெற்ற சில மாதங்களில் நோய் திரும்பி வருவதும் அதே அளவு வழக்கம். வந்தது. தாய்ப்பால் கொடுக்கும்வரை ஹைட்ராக்ஸிகுளோரோகுயினும் சல்ஃபாசலசைனும் வைத்துச் சமாளித்தோம், பாலை நிறுத்திய பிறகுதான் மெத்தோட்ரெக்ஸேட். இரவில் அவள் அழுதபோது தூக்க முடியாமல், அவரை எழுப்பி மடியில் வைக்கச் சொன்ன மாதங்கள் அவை.

இன்னொன்று என்றால் முதலில் மெத்தோட்ரெக்ஸேட்டை நிறுத்த வேண்டும், நிறுத்தி மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், கருவுக்கு அது ஆகாது. அந்த இடைவெளியில் மூட்டு என்ன செய்யும், பிறகு வரும் பச்சைக் குழந்தையோடு ஒரு நாலு வயதுக்காரியை யார் பார்ப்பது, எந்த மாத்திரை தொடரலாம் என்பதெல்லாம் டாக்டரிடம் உட்கார்ந்து பேசித் திட்டமிட வேண்டியவை. கணவர் "உன் இஷ்டம்" என்கிறார். அது பதில் இல்லை என்று அவருக்கும் தெரியும்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது நீங்களும் வாங்க, அந்தக் கேள்வியை டாக்டரிடமே கேளுங்க என்று அத்தையிடம் சொல்லியிருக்கிறேன். கொஞ்சம் யோசித்தார். எனக்கு எடுக்கும் ரத்தப் பரிசோதனைகளுக்கு வெறும் வயிற்றோடு போக வேண்டியதில்லை, காபி குடித்துவிட்டே கிளம்பலாம் என்றதும், சரி, வர்றேன் என்றார்.