ஆயிரத்துக்குப் பதினைந்து குறைவு

வெளியூர்க்காரர் ஒருவரை மதுரையில் குழப்ப வேண்டுமா? தெருப் பெயரைச் சொன்னாலே போதும். ஆடி வீதி கோயில் மதிலுக்கு உள்ளே இருக்கிறது. மதிலைத் தாண்டினால் சித்திரை வீதி. அதைச் சுற்றி ஆவணி மூல வீதி. அதற்கும் வெளியே மாசி வீதி. சரி, சித்திரைத் திருவிழாத் தேர் சித்திரை வீதியில்தானே ஓடும் என்று கேட்டால், அதுதான் இல்லை. மாசி வீதியில் ஓடும்!

இந்தக் குழப்பத்தை வைத்தே பிழைப்பு நடத்துகிற கைடு ஒருவரை எனக்குத் தெரியும். "சித்திரை வீதில தேர் திரும்பாது சார். அதான் மாசி வீதிய வாடகைக்கு எடுத்துருக்கோம்" என்பார். கூட்டம் சிரிக்கும். மாசியில் நடந்து வந்த மீனாட்சி கல்யாணத்தை திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றினார், தெருவின் பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது என்ற விஷயத்தையும் சொல்லாமல் விடமாட்டார். ஆனால் சிரிப்பு அடங்கிய பிறகு, போகிற போக்கில்.

அவரோடு நடந்தால் கால் வலி தெரியாது. விளக்குத்தூண் வரும். 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டையை இடித்து, அகழியைத் தூர்த்து, ஊரை விரித்தார். அவர் நினைவாக வைத்தது அந்த விளக்கு. "கட்டுனவனுக்குச் சிலை வைப்பாக. நாங்க இடிச்சவருக்கு லைட்டே போட்ருக்கோம்!" பத்துத்தூண் சந்தில், நாயக்கர் அரண்மனையின் மிச்சத் தூண்களுக்கு நடுவே ஜவுளிக் கடைகள். "பத்துத் தூணு, பத்தாயிரம் நைட்டி" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். மேலமாசி வீதியில் 1921 செப்டம்பர் 22-ம் தேதி காந்தி மேல்சட்டையைத் துறந்து அரையாடைக்கு மாறிய வீடு. அங்கே இப்போது கதர்க் கடை. "மனுசன் துணியக் குறைச்ச எடத்துல துணிக்கடை வச்ச ஊரு சார் இது."

அடுத்து ஆயிரங்கால் மண்டபம். எண்ணினால் 985 தூண்தான் இருக்கும். "மிச்சம் பதினஞ்சு?" என்று யாராவது கேட்டே தீருவார்கள். "ஜிஎஸ்டி" என்பார்.

நான் பி.காம். படித்தவன். போர்டில் ஆயிரம், ஸ்டாக்கில் 985 என்றால் எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போட மாட்டார். ஆனால் ஆயிரங்கால் மண்டபத்தை யாராவது பொய் என்கிறோமா? அழகர் கதையும் அப்படித்தான். தங்கை கல்யாணத்துக்குப் புறப்பட்டு வந்தார், ஆற்றில் இறங்கும்போதே கல்யாணம் முடிந்த சேதி தெரிந்தது, கோபித்துக்கொண்டு வண்டியூருக்குப் போய்விட்டார். கோயில் முறைப்படி அவர் வருவது மண்டூக முனிவரின் சாபம் தீர்க்க. இரண்டும் மதுரைக்காரனுக்குத் தெரியும். தெரிந்தும் அவனுக்குப் பிடித்தது லேட்டாக வந்த அண்ணன்தான். சைவ விழாவையும் வைணவ விழாவையும் ஒரே ஊர்த் திருவிழாவாக அந்தக் கதை கட்டிப் போட்டிருக்கிறது. இந்த மாதிரிப் பொய்க்கு நான் கோயில் கட்டவே தயார்!

அப்படியானால் கைடு சொல்லும் கதை எதுவானாலும் சரி, சிரித்துவிட்டுப் போக வேண்டியதுதானா?

ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் ராயல் மைல் என்ற பழைய தெரு இருக்கிறது. அங்கேயும் இதே தொழில்தான். தெருவுக்கு அடியில் மேரி கிங் சந்து என்று ஒன்று. 1645-ல் பிளேக் வந்தபோது நோயாளிகளை உள்ளே வைத்துச் சுவர் எழுப்பிவிட்டார்கள் என்று பல காலம் கதை சொல்லி டூரிஸ்ட்டுகளை அலற வைத்தார்கள். உண்மையில் வீட்டுக்குள் முடங்கியவர்களுக்கு ஊர் நிர்வாகம் சாப்பாடு கொடுத்துப் பார்த்துக்கொண்டது. கேட்பவனுக்கு ஒரு திகில், கிடைத்தது லாபம். ஆனால் பசிக்குச் சோறு போட்டவர்கள், கதையில் உயிரோடு சமாதி கட்டியவர்கள் ஆகிவிட்டார்கள். எழுந்து வந்து கேஸ் போடவா போகிறார்கள்?

நம் ஊருக்கு வருவோம். வீதி முடிந்ததும் வேன் ஒத்தக்கடைப் பக்கம் திரும்பும். எதிரே யானைமலை, படுத்திருக்கிற யானையேதான். திருவிளையாடல் கதையை எடுத்துவிடுவார். மதுரையை அழிக்கச் சமணர்கள் ஏவிய யானையைச் சொக்கநாதர் கல்லாக்கினார். பாம்பு நாகமலை ஆனது. பசு பசுமலை ஆனது. அப்படியே கழுவேற்றிய கதைக்கும் வந்துவிடுவார். "எட்டாயிரம் பேரு சார்! அம்புட்டுக் கழுமரத்துக்கு மரத்த எங்கிட்டுப் போய் வெட்டுனாகளோ!"

வேனே குலுங்கிச் சிரித்தது. பின்சீட்டில் ஒரு ராஜஸ்தான் பெரியவர் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தார், நாலைந்து தலைமுறையாக இங்கேயே வியாபாரம் செய்கிற ஜெயின் குடும்பம். நல்ல மதுரைத் தமிழ் பேசுகிறவர். பத்துத்தூணில் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர், இப்போது ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிளாக்பர்னைக் கூட்டத்தில் நிறுத்தி அந்த விளக்கு ஜோக்கைச் சொல்லலாம். காந்தியிடம் சொன்னால் பொக்கை வாயோடு அவரே முதலில் சிரிப்பார். யாரைப் பற்றிய ஜோக்கோ அவரே பக்கத்தில் நின்றால் தொண்டை அடைக்கிறது என்றால், அதில் என்னவோ சரியில்லை. எட்டாயிரம் என்பது பெரியபுராணத்திலும் திருவிளையாடலிலும் வருகிற கணக்கு. சமணர்களின் பக்கம் அப்படி ஒரு குறிப்பே இல்லை. நடந்ததா என்று சந்தேகப்படும் வரலாற்று ஆசிரியர்களும் உண்டு. சம்பந்தர் காலத்துக்கு இருநூறு வருஷம் கழித்தும், இதே யானைமலையிலும் கீழக்குயில்குடி சமணர் மலையிலும் தீர்த்தங்கரர் சிலைகளை நிதானமாகச் செதுக்கியிருக்கிறார்கள். அழிந்துபோனவர்கள் செய்கிற காரியமா அது?

பெரியவர் இறங்கிப் போன பிறகு இதைக் கைடிடம் சொன்னேன். அவருக்கு வருத்தம்தான். ஆனாலும் விடவில்லை.

"அண்ணே, கதைய நானா எழுதுனேன்? புராணத்துல இருக்கு, சொல்றேன். கல்வெட்டு, நூற்றாண்டுன்னு ஆரம்பிச்சா அம்புட்டுப் பேரும் செல்போன எடுத்துருவாக. எனக்கு வீட்ல அடுப்பெரியணும்ல?"

நியாயமான கேள்வி. கதை அவருடையது இல்லை என்பது நிஜம். ஆனால் மரம் வெட்டிய ஜோக் அவருடையது. அதைப் புராணத்தின் கணக்கில் எழுத முடியாது. அடுப்பு விஷயத்தில் எனக்கு அவ்வளவு உறுதி இல்லை. 2010-லிருந்து எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் தொடங்கிய 'பசுமை நடை' இந்த மலைகளுக்குத்தான் ஜனங்களைக் கூட்டிப் போகிறது. குழந்தை குட்டிகளோடு வந்து, வெயிலில் உட்கார்ந்து, கல்வெட்டைப் பற்றிக் கேட்கிறார்கள். ஆனால் அவர்கள் ஆசைப்பட்டு வருகிறவர்கள். இவரிடம் வருவது டிக்கெட் வாங்கிய கூட்டம், சாயங்காலம் ரயிலைப் பிடிக்க வேண்டிய கூட்டம்.

"அப்ப யானைமலைல நான் என்னதான் சொல்லட்டும்?" என்றார்.

மலை மேல் சமணத் துறவிகள் படுத்த கற்படுக்கை இருக்கிறது. அங்கே சுமார் 2000 வருஷத்துக்கு முந்தைய தமிழ் பிராமிக் கல்வெட்டு ஒன்று. அதில் மலையின் பெயர் 'இவ குன்றம்'. இவம் என்றால் இபம், அதாவது யானை. சம்பந்தர் பிறப்பதற்குப் பல நூற்றாண்டு முன்பே அது யானைமலைதான். யானை ஏவியதாகச் சொல்லப்படுகிறவர்கள், அந்த யானையின் மேலேயே பாய் விரித்தாற்போலப் படுத்துத் தூங்கியிருக்கிறார்கள்.

கைடு கொஞ்ச நேரம் மலையையே பார்த்தார்.

"ஏவி விட்ட யானை மேலயே தூங்குனாகளா? அண்ணே, இதுலயே ஒரு ஜோக்கு இருக்கே!"