கக்கத்துத் துண்டு

எங்கள் காலனிப் பால்வாடியில் அந்தப் பையனை வாசப்படியோரமாக உட்கார வைத்திருந்தார்கள். ஐந்து வயசு. பிறவியிலேயே காது கேட்காது. சோற்றுத் தட்டு தவறாமல் அவனிடம் போகும். படம் போட்ட அட்டை போகாது. ‘அவனுக்கு ஒண்ணும் ஏறாதுங்க, மந்தம்’ என்றார் டீச்சர். அட்டையில் ஆப்பிள், கப்பல், ஆகாய விமானம். நானே கப்பலைப் பார்த்தது இருபது வயசில்.

ஏறாதா? தெருவில் அவனோடு அரைநாள் இருந்து பாருங்கள். தலையில் இரண்டு விரலைக் கொம்பாக வைத்தால் எருமை. மூக்கைத் தள்ளிக் காட்டினால் பன்றி. அப்பா பறை காய்ச்சும்போது வைக்கோலை அள்ளிக்கொண்டு ஓடிவருவான். தோலில் உள்ளங்கையை வைத்து, அதிருகிற அடிக்குத் தலையாட்டுவான். காது கேட்காத பிள்ளைக்கு ஒன்று இரண்டு சொல்லித்தர இதைவிட என்ன கருவி வேண்டும்? ஆனால் பறை பால்வாடிக்குள் வரக்கூடாதாம்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இலவசக் கல்வியை 6 வயசிலிருந்துதான் உரிமையாக்குகிறது. மொழி ஊன்றுவதோ அதற்கு முன்னால். 2020 கல்விக் கொள்கை, வட்டாரச் சைகை மொழிகளை மதிக்க வேண்டும், முடிந்த இடத்தில் கற்றுத்தரவும் வேண்டும் என்கிறது. சேரியின் கைகள் எந்த வட்டாரத்தில் சேர்த்தி? அம்பேத்கரும் வகுப்புக்குள்தான் இருந்தார், வீட்டிலிருந்து கொண்டுபோன சாக்கின் மேல், தனியாக.

நம்மையும் சொல்ல வேண்டும். சாதிப்பேர் சொல்லி ஏசினால் 1989ஆம் வருஷத்துச் சட்டத்தில் வழக்குப் போடுகிறோம். அவனை நாமேதான் ‘ஏ ஊமை’ என்கிறோம்.

இன்னொரு சைகையைச் சொல்லாமல் விட்டேன். துண்டைக் கக்கத்தில் இடுக்குவதுபோல் கையை மடக்கி, முதுகை வளைப்பான். ஊர்த்தெரு ஆட்கள் என்று அர்த்தம். ஒரு சொல்கூடக் கேட்காத பிள்ளை சாதியைத் தப்பில்லாமல் படித்திருக்கிறான். தெருவில் அவன் கற்றதையெல்லாம் வகுப்புக்குள் எடுங்கள் என்று டீச்சரோடு சண்டை போட்டவன் நான். எடுத்தால் இதுவும் உள்ளே வரும். இதை என்ன செய்வது?

‘ஏண்ணே, இதப் போயி சொல்லிக் குடுத்தீங்க?’ என்று அவன் அப்பாவிடம் கேட்டேன்.

‘வெளையாட்டுப் புள்ள, அந்தத் தெருவுக்குள்ள ஓடிடுவான். பின்னாலேருந்து கத்துனாக் கேக்காது. அடிச்சிட்டாங்கன்னா?’ கொஞ்சநேரம் சும்மா இருந்தார். ‘சரி, வேற எப்படிக் காட்றது? படிச்சவன், நீ சொல்லு தம்பி.’

கையைத் தூக்கினேன். ஒன்றும் வரவில்லை. பையன் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.