ஒளியும் அதன் இல்லமும்

அரியலூர்ப் பாறைகளிலுள்ள சிப்பிகளும், பெரம்பலூரை அடுத்த சாத்தனூர்க் கல்மரமும் பல கோடி ஆண்டுகளுக்குப் பின்னும் ஆங்கிருந்த கடலுக்குச் சான்று பகர்கின்றன. 'குவாசர்' எனும் விண்ணொளியோ தன் இல்லத்தையே மறைத்துவிடுகின்றது.

அவ்வில்லமாகிய விண்மீன் மண்டலத்தின் வாயு, நடுவிலுள்ள கருந்துளையை நோக்கி விழும்போதே அவ்வொளி பிறக்கின்றது. 2023-இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் படங்களிலிருந்து அவ்வொளியைக் கழித்த பின்னரே, ஏறத்தாழ 1,290 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட இரு குவாசர்களின் இல்லங்கள் புலப்பட்டன.

புகழுற்றோர் பின்னே, அவரை வளர்த்த பெற்றோரும் ஓதுவித்த உஸ்தாதுமாரும் இவ்வாறே மறைகின்றனர். அது புகழுற்றோர் குற்றமாகுமா? ஒளிர்தல் குற்றமன்று, அஃது இறையருள். ஆயின், குவாசருக்கு நாவில்லை, மனிதருக்கு உண்டு. நன்றிகேட்டையும் குறிக்கும் 'குஃப்ர்' எனும் அரபுச் சொல்லின் மூலப்பொருள் மூடிமறைத்தல் என்பதே. நாவிருந்தும் சொல்லாதிருத்தல் மறைத்தலன்றோ?