யாருடைய உயிரை வைத்து?

1920களில் ஒரு நாள், விருந்துக்குப் போன வீட்டில், வின்ஸ்டன் சர்ச்சில் ஒரு ராணுவ அதிகாரியைச் சட்டையைக் கழற்றச் சொல்லி உடம்பிலிருந்த தழும்புகளை எண்ணினார். மொத்தம் 27. அதிகாரி அலட்டிக்கொள்ளவில்லை. உள்ளே போகிற குண்டு பெரும்பாலும் வெளியேயும் வந்தாக வேண்டுமே, அதனால் ஒன்றுக்கு இரண்டாகக் கணக்கு ஏறிவிடுகிறது என்று விளக்கம் சொன்னார். சர்ச்சிலே எழுதிவைத்திருக்கும் சம்பவம் இது. அந்த அதிகாரி பெர்னார்ட் ஃப்ரைபெர்க்.

1889-இல் இங்கிலாந்தில் பிறந்து, சிறு குழந்தையாக நியூசிலாந்துக்குப் போய், பல் வைத்தியம் படித்தவர். நீச்சலில் சாம்பியன். அந்த நீச்சல்தான் அவரை முதலில் வீரராக்கியது. முதல் உலகப் போரில், 1915 ஏப்ரலில் நேச நாட்டுப் படைகள் துருக்கியின் கலிபோலியில் இறங்கவிருந்தன. துருக்கியரின் கவனத்தை வேறு பக்கம் திருப்ப வேண்டும். ஃப்ரைபெர்க் இரவில் குளிர்ந்த கடலில் குதித்துத் தன்னந்தனியாக நீந்தினார். புலேர் கரையில் ஏறித் தீச்சுடர்களைக் கொளுத்தி, படை அங்கேதான் இறங்கப்போகிறது என்று காட்டிவிட்டு, மறுபடியும் கடலுக்குள் இறங்கினார். அதற்காக டி.எஸ்.ஓ. பதக்கம் கிடைத்தது. மறுவருடம் நவம்பரில், பிரான்சின் போகூர் கிராமத்தைப் பிடித்த சண்டையில், மறுபடி மறுபடி காயம்பட்டும் களத்தை விட்டு நகராமல் படையை நடத்தியதற்கு பிரிட்டனின் உச்ச வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ். 28 வயதில் பிரிகேடியர் ஜெனரல்.

இதுவரை படித்தால் யாருக்கும் உடம்பு சிலிர்க்கும். எனக்கும்தான். ஆனால் என்னை அதிக நேரம் யோசிக்க வைப்பவர் இரண்டாம் உலகப் போரில் வரும் ஃப்ரைபெர்க்.

இப்போது அவர் நியூசிலாந்து டிவிஷனின் தலைவர். சுமார் பதினாறு லட்சம் பேர் மட்டுமே வாழ்ந்த நாடு தன் பிள்ளைகளை அவரிடம் ஒப்படைத்திருந்தது. கூடவே எழுத்து மூலமாக ஓர் அதிகாரத்தையும் கொடுத்திருந்தது. பிரிட்டிஷ் மேலதிகாரிகள் இடும் திட்டத்தில் சந்தேகம் இருந்தால், அவர்களைத் தாண்டி நேரே சொந்த அரசாங்கத்திடம் சொல்லலாம். 1941-இல் படையை கிரீஸுக்கு அனுப்பினார்கள். அந்தத் திட்டம் தேறாது என்பது அவர் எண்ணம். ஆனால் தன் அரசாங்கத்திடம் அவர் அதைச் சொல்லவில்லை. பின்னால் இது தெரியவந்தபோது பிரதமர் பீட்டர் ஃப்ரேசர் திகைத்துப்போனார். இனி மனதில் படுவதை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று கண்டிப்பாகக் கூறினார். அதற்குள் கிரீஸும் கைவிட்டுப் போயிருந்தது, அடுத்து ஃப்ரைபெர்க் காத்த கிரீட் தீவும் போயிருந்தது. கிரீட்டில் மட்டும் இறந்த நியூசிலாந்து வீரர்கள் 671 பேர், பிடிபட்டவர்கள் 2,180 பேர்.

இருட்டுக் கடலுக்கு அஞ்சாதவர் ஒரு கடிதம் எழுத ஏன் தயங்கினார்? மேலதிகாரிகளை நம்பியிருக்கலாம். உத்தரவுக்குக் கீழ்ப்படியும் பழக்கமாகவும் இருக்கலாம். எனக்கு இன்னொன்றும் தோன்றுகிறது. வீரனுக்கென்றே ஒரு பயம் உண்டு. 'இது வேண்டாம்' என்று சொன்னால் கோழை என்ற பெயர் வந்துவிடுமோ என்ற பயம். 27 தழும்புகள் இருந்தாலும் அது போகாது போலிருக்கிறது.

துணிந்தவனுக்குத் துக்கமில்லை என்பார்கள். உண்மைதான். துக்கம் பல நேரம் பக்கத்தில் இருப்பவருக்குத்தான். என் சொந்தத்தில் ஒரு மாமா, இருந்த வேலையை உதறிவிட்டு அத்தையின் நகைகளை அடகு வைத்துத் தொழில் தொடங்கினார். 'என்ன துணிச்சல்!' என்று ஊரே மெச்சியது. தொழில் படுத்தபோது, வெறும் மஞ்சள் கயிற்றோடு கல்யாண வீடுகளுக்குப் போய் வந்தது அத்தைதான். அவருடைய துணிச்சலை யாரும் மெச்சியதாக நினைவில்லை.

ஃப்ரைபெர்க் பிறகு மாறினார் என்றே படுகிறது. தன் டிவிஷனைத் துண்டு துண்டாகப் பிரித்துச் சண்டைக்கு அனுப்புவதை எதிர்த்து நின்றார். அதனால் அவருடைய முடிவுகளெல்லாம் சரியாகிவிடவில்லை. 1944-இல் இத்தாலியின் மோன்டே கசினோவில் நான்காவது இந்திய டிவிஷனும் அவர் பொறுப்பில் இருந்தது. அதன் தளபதி கேட்டதை ஏற்று, மலைமேல் இருந்த மடாலயத்தின்மீது குண்டு வீச வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். பிப்ரவரி 15-இல் குண்டுகள் விழுந்தன. உள்ளே அடைக்கலம் புகுந்திருந்த பொதுமக்கள் பலர் மாண்டார்கள். இடிபாடுகள் ஜெர்மானியருக்கு நல்ல அரணாயின. ஆனால் மார்ச்சில் மறுபடி தாக்கி, நகரத்துக்குள் தெருத்தெருவாகப் போரிட்டும் வழி திறக்காதபோது, 23-ஆம் தேதி தாக்குதல் நிறுத்தப்பட்டது. இன்னொரு முறை முட்டிப் பார்க்க ஆட்களை அனுப்ப அவர் விரும்பவில்லை.

நிறுத்தியதற்காக யாருக்கும் விக்டோரியா கிராஸ் தருவதில்லை. புலேரில் ஒரே ஓர் உயிர் பணயம், அது அவருடையது. அங்கே யோசிக்காமல் குதிப்பது அழகு. பல உயிர்கள் கையில் இருக்கும்போது, அதே மனிதர் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது, கேட்க வேண்டியிருக்கிறது, தேவைப்பட்டால் முடியாது என்று சொல்ல வேண்டியிருக்கிறது. முதல் துணிவு பலருக்கு இளமையிலேயே வாய்த்துவிடுகிறது. இரண்டாவதை ஒவ்வொருவரும் பாடுபட்டுத்தான் கற்றுக்கொள்ள வேண்டும். முதலாவதில் பெயரெடுத்தவர்களுக்கு அது இன்னும் கடினம்.

ஆகவே யாராவது துணிந்து இறங்கினார் என்று கேள்விப்பட்டால், நான் இப்போது பாராட்டுவதற்கு முன் ஒன்றை விசாரிக்கிறேன்: தோற்றால் இழப்பு யாருக்கு, அவரிடம் முன்கூட்டியே கேட்டார்களா? மாமா அடகுக் கடைக்காரரிடம் வட்டி எவ்வளவு என்று கேட்டார். அத்தையிடம் சம்மதமா என்று கேட்கவில்லை.